பல்கலைக்கழகத் தங்குக்கல்லூரிகள்: பெயர்களின் வழி ஒரு வரலாறு

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி வளர்ந்த வரலாற்றை எழுதியோர் பலர். 1956இல் சிங்கப்பூரில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப் பெற்றமை, அதன் பொருட்டுக் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதித்திரட்டு, 1961இல் தனிநாயக அடிகள் துறைத்தலைவரானமை, 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு ஆகியன அவ்வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும். ஆயின், விரிவுரை முடிந்தபின் அம்மாணவர்கள் எங்குச் சென்றனர், எங்கு உண்டனர், எவரோடு உறங்கினர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. தங்குக்கல்லூரிகள் பற்றி நாம் ஈண்டு எண்ணத் தலைப்படுவது அதனாலேயே.

மாணவர் பல்கலைக்கழக வளாகத்திலேயே உறைதல் வேண்டும் என்பது இம்மண்ணில் பிறந்த கருத்தன்று. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மரபில் ஊறிய ஆங்கிலேயர், 1945இல் வெளிவந்த ஆஸ்குவித் ஆணைய அறிக்கையின் வழி அதனைக் குடியேற்ற நாடுகள் அனைத்திற்கும் விதியாக்கினர். நைஜீரியாவின் இபாதானும் மேற்கிந்தியத் தீவுகளின் மோனாவும் அவ்வச்சில் வார்க்கப்பட்டவையே. மலாயாவுக்கெனக் கார்-சாண்டர்ஸ் ஆணையம் 1948இல் அறிக்கை அளித்தது. 1905இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபர் 8இல் மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. சிங்கப்பூரில் டனர்ன் சாலை விடுதிகள் மாணவர்க்கு உறைவிடமாயின.

கோலாலம்பூர்ப் பிரிவு லெம்பா பந்தாயில் எழுந்தபோது நிலைமை வேறு. ஒரு புறம் பங்சார் ரப்பர்த் தோட்டம். மறுபுறம், நடந்தே சென்றுவிடும் தொலைவில், இரயில்வே ஊழியர் குடியிருப்புகளும் விவேகானந்த ஆசிரமமும் கொண்ட பிரிக்பீல்ட்ஸ். தமிழர் வாழ்வு வளாகத்தின் வேலிவரை வந்து நின்றது. பிரிக்பீல்ட்ஸ் மாணவருக்கு விடுதி ஒரு வசதி. கிள்ளானையோ கோலசிலாங்கூரையோ சார்ந்த தோட்டப்புற மாணவருக்கோ அஃது இன்றியமையாதது. லயத்து வீட்டில் தனி மேசை ஏது? குடும்பமே உறங்கும் அறையில் நள்ளிரவுவரை விளக்கெரித்துப் படித்தல் எளிதன்று. ஆங்கிலேயர் மேட்டுக்குடிப் பண்பைப் பயிற்றுவிக்கக் கொணர்ந்த ஏற்பாடு, ஈண்டுத் தொழிலாளர் பிள்ளைக்கு ஒரு கட்டிலும் மேசையும் விளக்கும் ஆயிற்று. தங்குக்கல்லூரி முறையின் பெரும்பயன் இதுவே என்பது எம் துணிபு.

இனிப் பெயர்களைக் காண்போம். 1950களின் இறுதியில் தோன்றிய முதலாம் கல்லூரி, நாட்டின் முதற் பேரரசரான துவாங்கு அப்துல் ரஹ்மானின் பெயரைத் தாங்கியது. இவர் வேறு, நாட்டின் முதற் பிரதமரும், பல்கலைக்கழகம் 1962இல் தனித்தியங்கத் தொடங்கியபின் அதன் முதல் வேந்தரும் ஆன துங்கு அப்துல் ரஹ்மான் வேறு. நம் கட்டுரையாளருள்ளும் சிலர் இருவரையும் ஒருவராக்கி விடுவதுண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் பேரரசியர் துவாங்கு பஹியா, துவாங்கு குர்ஷியா ஆகியோர் பெயரில் அமைந்தன. நான்காம், ஐந்தாம் கல்லூரிகளுக்கு ஆள்பெயர் இல்லை. பெஸ்தாரி, டாயாசாரி என்னும் மலாய்ச் சொற்களே பெயராயின. ஆறாவது இப்னு சினா. ஏழாவது, மலாய் ஆய்வியல் துறையை வழிநடத்திய மொழியறிஞர் சாபா. எட்டாவது சபாவின் கினபாலு மலை. ஒன்பதாவதும் பத்தாவதும் ஆளுநர் இருவர். பதினொன்றாவது, 1968 முதல் 1988வரை துணைவேந்தராயிருந்த உங்கு அசிஸ். பன்னிரண்டாவது ராஜா டாக்டர் நஸ்ரின் ஷா.

அரசகுலம், தேசிய மொழி, அறிவாளர், கிழக்கு மலேசியா என நாடு தன்னை எவ்வாறு எண்ணிப் பார்த்தது என்பதை இப்பட்டியலே காட்டிவிடுகின்றது. இந்தியர் பெயரோ சீனர் பெயரோ இதில் இல்லை. தமிழ் மாநாட்டை இந்நகருக்குக் கொணர்ந்த தனிநாயகரின் பெயரை ஒரு கல்லூரி தாங்கியிருப்பின் எவருக்கும் குறை நேர்ந்திராது என்றே நாம் கருதுகின்றோம்.

1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டமும், 1974 மாணவர் போராட்டங்களையடுத்து 1975இல் வந்த அதன் திருத்தமும் மாணவர் சங்கங்களின் உரிமையைச் சுருக்கின. அதன்பின், முதல்வர் மேற்பார்வையில் நடைபெற்ற கல்லூரி நிகழ்ச்சிகளே மாணவர் கூடுதற்குரிய அச்சமற்ற களமாயின. தீபாவளி இரவும் பொங்கலும் பிற இன மாணவரும் பங்கேற்கும் கல்லூரி விழாக்களாக உருப்பெற்றதை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். அரசியல் சுருங்கிய இடத்தைப் பண்பாடு நிரப்பியது. இது முழுமையான ஆதாயமா என்பது ஐயத்திற்குரியதே.

இவ்வரலாற்றுக்குரிய சான்றுகள் நூலகத்தில் இருப்பவற்றினும் வீடுகளில் இருப்பவை மிகுதி. அறைத்தோழர் நிழற்படம், உணவுக் கட்டணச் சீட்டு, பெற்றோர்க்கு எழுதிய கடிதம் ஆகியவற்றை எவரும் ஆவணமெனக் கருதுவதில்லை. 1960களில் அங்கு உறைந்த தமிழாசிரியர்கள் எண்பதை நெருங்கியோ கடந்தோ விட்டனர். அவர்களைக் கேட்டால் துவாங்கு குர்ஷியா என்றோ பெஸ்தாரி என்றோ சொல்வது அரிது. ‘மூன்றாவதில் இருந்தேன்’, ‘நான்காவதில் இருந்தேன்’ என்றே தொடங்குவர்.