அஸ்தி வந்த கப்பல்

திருவனந்தபுரம் பழவங்காடியில் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டுக் கிள்ளிப்பாலம் வழியாகப் போனால் கரமனையாறு. இந்த ஆற்றில் சேர ஒருவரின் அஸ்தி 32 ஆண்டுகள் காத்திருந்தது.

அவர் செண்பகராமன் பிள்ளை. 1891இல் இதே திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர். பதின்ம வயதில் ஐரோப்பா போனவர், முதல் உலகப் போரில் பிரிட்டனை எதிர்க்க, எதிரிக்கு எதிரி நண்பன் என்று ஜெர்மனியோடு கைகோத்தார். 1914இல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனில் அவரும் வந்தார் என்று நம் ஊரில் இன்னும் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஹிட்லரோடு அவர் மோதிய கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைச் சொல்பவர்கள் குறைவு.

ஜெர்மனியின் 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். பிறகு பொருளாதாரம் சரிந்தது; அறுபது லட்சம் பேர் வேலையில்லாமல் நின்றார்கள். கம்யூனிஸ்டுகள் வந்தால் கடையும் நிலமும் போய்விடும் என்று நாஜிகள் பயமூட்டினார்கள். எல்லாத் துன்பத்துக்கும் யூதர்தான் காரணம் என்று கைகாட்டினார்கள். 1932 ஜூலையில் 37.3 சதவீதம். பழைய தேசியவாதக் கட்சியின் பெரிய மனிதர்கள், ஆளைக் கட்டி மேய்த்துவிடலாம் என்று எண்ணி 1933 ஜனவரியில் ஹிட்லரின் அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஓர் அவசரச் சட்டம் பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் முடக்கியது. ஜூன் மாதத்துக்குள் அந்தப் பெரிய மனிதர்களின் கட்சியே கலைந்துபோனது.

பிள்ளையும் அந்தத் தேசியவாதிகளின் பக்கம்தான் நின்றார் என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள். ஆனால் இந்தியர்களைப் பற்றி ஹிட்லர் இழிவாகப் பேசியபோது வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஜெர்மனியோடு இருந்த இருபது வருஷ நட்பெல்லாம் அதன்பின் செல்லுபடியாகவில்லை. வெறுப்புக்குப் பழைய தோழன் என்ற கணக்குக் கிடையாது. 1934 மே 26 அன்று பெர்லினில் இறந்தார். நாஜிகளின் கை இருந்தது என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

அஸ்தியை மனைவி லட்சுமிபாய் 1935இல் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். தாயின் அஸ்தி கரைந்த கரமனையாற்றில் ஒரு பங்கு, நாஞ்சில் நாட்டு வயல்களில் மீதி: இதுதான் கணவர் விருப்பம். சுதந்திர இந்தியாவின் போர்க்கப்பலில்தான் ஊர் திரும்புவேன் என்று அவர் சபதம் செய்திருந்ததாகவும் சொல்வார்கள்.

1966 செப்டம்பரில் கப்பல் கிடைத்தது. ஐ.என்.எஸ். டெல்லி, பம்பாயிலிருந்து கொச்சிக்கு. கடற்படை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததா என்ன, அந்தக் கப்பலின் பழைய பெயர் அக்கிலீஸ். 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையோரம் நாஜி போர்க்கப்பல் கிராஃப் ஸ்பேயை மடக்கிய மூன்றில் ஒன்று.

கொச்சியிலிருந்து திருவனந்தபுரம், கரமனை. நாஞ்சில் நாடோ 1956இலேயே மதராஸ் மாநிலத்துக்குப் போயிருந்தது. மீதி அஸ்தி இன்னொரு எல்லையையும் தாண்ட வேண்டியிருந்தது.