சிவப்பு நட்சத்திரம்

சென்ற ஆண்டு நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு புகைப்படப் போட்டி நடத்தினோம். தலைப்பு, 'சென்னையின் காலனியக் கட்டிடங்கள்'. விண்ணப்பப் படிவம் என் பொறுப்பு. கூட்டத்துல ஒரு ஐ.டி. ஆள் இருந்தா அது அவன் தலையிலதானே விழும்? கட்டிடத்தின் பெயர், கட்டிய ஆண்டு, வடிவமைத்தவர் பெயர் என்று மூன்று கேள்விகள். மூன்றின் பக்கத்திலும் சிவப்பு நட்சத்திரம் போட்டேன். நிரப்பாமல் அனுப்ப முடியாது.

எதிர்பார்த்த படங்களே வந்தன. 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள், 1913இன் வெள்ளை ரிப்பன் மாளிகை, செனட் ஹவுஸின் குவிமாடங்கள். வடிவமைத்தவர் பெயரில் சிஷோம், இர்வின் என்று மாறி மாறி வந்தார்கள். எல்லாமே அழகு.

ஒரு படம் மட்டும் வேறு மாதிரி. பறக்கும் ரயில் தூண்களுக்கு நடுவே கறுத்துக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாய். ஆண்டு 1877-78. வடிவமைத்தவர் பெயர் கேட்ட இடத்தில், 'தெரியாது. மண் சுமந்தவங்க' என்று எழுதியிருந்தது.

"இது கட்டிடமே இல்லையே, தள்ளிடலாம்" என்றார் நண்பர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஆண்டு மட்டும் உறுத்தியதால் தேடி வாசித்தேன்.

இந்தக் கால்வாயின் முதல் பகுதி 1806இலேயே எண்ணூர் நோக்கி வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினியில் வந்தவர்கள் மண் வெட்டினால்தான் கூலி. 1877 தொடக்கத்தில், செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியையும் குறைத்தார். ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் காசு. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். இது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷே எதிர்த்தார். கால்வாய்க்குக் கிடைத்ததோ அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

செனட் ஹவுஸ் கட்டப்பட்டது 1874 முதல் 1879 வரை. அதே ஊர், அதே வருடங்கள். சிஷோமின் பெயர் நமக்குத் தெரிகிறது. மண் சுமந்த ஒருவரின் பெயரும் தெரியவில்லை. என் படிவம் கேட்டதும் சிஷோமைப் போன்றவர்களைத்தான்.

கால்வாய்க்குப் பரிசு தரலாம் என்றேன். "மத்தவங்க விதியைப் பார்த்துத்தான் படம் எடுத்தாங்க. நடுவுல மாத்தினா நியாயமா?" என்று நண்பர் கேட்டார். அவர் கேட்டதும் சரிதான். பரிசு உயர் நீதிமன்றப் படத்துக்குப் போனது.

ஆனால் கண்காட்சியில் செனட் ஹவுஸையும் கால்வாயையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினோம். கீழே ஆண்டுகள் மட்டும். கூட்டம் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றது. இந்த ஆண்டுப் படிவத்தில் 'கட்டிடம்' என்ற இடத்தில் 'கட்டுமானம்' என்று போட்டிருக்கிறேன். வடிவமைத்தவர் பெயருக்குப் பக்கத்தில் இப்போது நட்சத்திரம் இல்லை. அதற்குக் கீழே ஒரு புதுக் கேள்வி இருக்கிறது: உழைத்தவர்களைப் பற்றித் தெரிந்தது என்ன?