தலைக்கு மேலே ஒரு துணி

வாகனங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். குதிரைத்திறனுக்கும் சுமக்கும் டன்னுக்கும் கணக்கு உண்டு. ஓட்டுபவரின் தலைக்கு ஒரு சாண் மேலே இருக்கும் துணிக்குக் கணக்கில்லை. அது ஒழுங்காக இருக்கும்வரை யாரும் அண்ணாந்து பார்ப்பதுமில்லை. சில கோடைகளைக் கண்ட பிக்கப் வண்டியில் அத்துணி நடுவில் தொய்ந்து, பானை வயிறு போல இறங்கி, பின்பார்வைக் கண்ணாடியை மறைக்கும்போதுதான் அப்படி ஒன்று அங்கே இருந்தது என்பதே நினைவுக்கு வருகிறது.

எழுத்துத் தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. பட்டறைத் தமிழில் உண்டு: ரூஃப் லைனிங். நாமக்கல்லிலும், அதற்கு அருகே கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்திலும் வண்டி வைத்திருப்பவருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு வண்டியைச் செய்தவர்கள் அதை ஓட்டுபவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று அறிய இந்தத் துணியைப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

எஞ்சினுக்கு முந்தைய காலத்தில் கூரை பயணிக்கு உரியது. கூண்டு வண்டியில் மூங்கில் வளைவுகளின் மேல் பாய் வேய்ந்திருக்கும். வசதியுள்ளவர்களின் வில்வண்டிக்குள் மெத்தையும் திண்டும் உண்டு. வண்டியோட்டி கூண்டுக்கு வெளியே, முகப்பில், தலைப்பாகையோடு அமர்ந்திருப்பார். பாரவண்டிக்கு அந்தக் கூண்டும் கிடையாது. வெயில் தாங்குவது அவர் வேலையின் ஒரு பகுதி என்றே கருதப்பட்டது. லாரி வந்த பிறகும் இந்த எண்ணம் உடனே மாறிவிடவில்லை.

1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. டெல்கோ 1954இல் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிப்பைத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் இத்தகைய ஆலைகளிலிருந்து வெளியேறிய லாரிகளில் பெரும்பகுதி வெறும் சேஸிஸ்தான். எஞ்சின், சக்கரங்கள், ஸ்டீயரிங், ஒரு முன்முகப்பு, அவ்வளவே. தற்காலிக இருக்கையில் அமர்ந்து, தலையில் துண்டும் கண்ணில் கண்ணாடியுமாக ஓர் ஓட்டுநர் அதைத் திறந்தவெளியில் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வருவார். பாடி கட்டும் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகே அந்த வண்டிக்குக் கூரை.

அப்படிப் பாடி கட்டும் ஊர்களில் தென்னிந்தியாவில் முதன்மையானது நாமக்கல். 1997இல் தனி மாவட்டமாகும்வரை சேலம் மாவட்டத்தில் இருந்த, மழையை நம்ப முடியாத நிலப்பகுதி இது. காட்டு விவசாயம் மட்டும் சோறு போடாது என்று கண்ட குடும்பங்கள், கையிருப்பையும் கடனையும் சேர்த்து லாரியில் போட்டன. வடக்கையும் குமரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை, முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்டது, இவ்வழியேதான் செல்கிறது. 1950களின் பிற்பகுதியிலிருந்து மெல்ல வளர்ந்த பட்டறைகள் பின்னர் நூற்றைத் தாண்டின. அண்டையிலுள்ள திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், நாமக்கல் லாரி, டிரெய்லர், டேங்கர்களுக்கும் பெயர்பெற்றன.

ஒரு பட்டறைக்குள் பல தொழில்கள் வரிசையாக நடந்தன. ஆசாரி மரச்சட்டம் இழைப்பார். தகடு அடிப்பவர், வெல்டர், பெயிண்டர், வயரிங் செய்பவர் ஆகியோருக்குப் பின் குஷன்காரர் வருவார். இருக்கையோடு கூரையின் உட்புறமும் அவர் பொறுப்பு. பலகை அடித்து, இடையே மெத்தென்று ஏதேனும் வைத்து, மேலே ரெக்சின் இழுத்துக் கட்டி, ஓரத்தில் பீடிங் வைத்து ஆணி அறைவார். ரெக்சின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த ஹைட் என்னும் ஊரில் செய்யப்பட்ட செயற்கைத் தோலின் வணிகப் பெயர். துணியின்மீது செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்யப்பட்ட அது மறைந்து, பி.வி.சி. பூசிய துணி வந்த பிறகும் நம்மூரில் பெயர் மாறவில்லை.

இந்தக் கூரையில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. ஒன்று, அது ஆணியாலும் தையலாலும் நின்றது; கிழிந்தால் கழற்றி மாற்றலாம். மற்றொன்று, அதன் கீழே உட்காரப்போகிறவர் பல வேளைகளில் பட்டறையிலேயே நின்றிருந்தார். ஓட்டுநராக இருந்து உரிமையாளராக உயர்ந்தவர்கள் இத்தொழிலில் ஏராளம். தாம் உண்டு, உறங்கப் போகும் இடத்துக்கு அவர்களே உயரம் சொன்னார்கள், நிறம் தேர்ந்தார்கள், சாமி படத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். கேபின் ஓட்டுநரின் வீடாயிற்று. வண்டியோட்டி முதன்முறையாகக் கூண்டுக்குள் வந்தது இங்கேதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

உலகின் மறுபுறத்தில் கூரை வேறு வழியில் சென்றது. 1930களின் நடுப்பகுதிவரை மூடிய கார்களின் கூரையில் நடுப்பகுதி மரச்சட்டமும் நீர்புகாத துணியுமாகவே இருந்தது. அவ்வளவு பெரிய தகட்டை ஒரே வீச்சில் அழுத்தி எடுக்கும் வசதி இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1935ஆம் ஆண்டுக் கார்களில் ஒரே தகட்டாலான எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. மழை ஒழுகல் நின்றது. ஆனால் தகடு அதிர்ந்தது, கொதித்தது. உள்ளே துணி இன்னும் கட்டாயமாயிற்று. குறுக்கே கம்பி வளைவுகளில் தைத்துத் தொங்கவிட்ட துணி நெடுங்காலம் இருந்தது. பின்னர் செலவைக் குறைக்கவும் வேலையை விரைவுபடுத்தவும் அச்சில் வார்த்த அட்டை வந்தது. முதுகில் மெல்லிய பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டிய துணியை அந்த அட்டையில் பசையிட்டு, முழுமையாகக் கூரைக்குள் செருகிவிடுவார்கள். தையல்காரர் ஆலையிலிருந்து விடைபெற்றார்.

2005இல் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாடு அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டது. 2011இல் ஓசூரில் செய்யப்பட்ட அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் ஏற்கெனவே இருந்தது. நாமக்கல்லின் முட்டையும், காரவள்ளியிலிருந்து தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் வழியே இறங்கும் கொல்லிமலை அன்னாசியும் பலாவும் மிளகும் இத்தகைய சிறு வண்டிகளுக்கு ஏற்ற சரக்குகள். இவ்வண்டிகள் கேபினோடு முழுமையாக வந்தன. பாடிப் பட்டறையில் நின்று உயரம் சொல்லும் உரிமை இவற்றை வாங்கியவருக்கு இல்லை. கூரைக்குள் சிலவற்றில் வெறும் அட்டை, சிலவற்றில் ரெக்சின், சிலவற்றில் ஃபோம் துணி.

ஃபோம் துணி ஏன் தொங்குகிறது? பசை விட்டுவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. பெரும்பாலும் பசை குற்றமற்றது. வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறம் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் சூடாகும். கூரைத் தகடு அதனினும் சூடு. வெளியே 40 டிகிரியை ஒட்டிச் செல்லும் சேலம், நாமக்கல் கோடையில் ஆண்டுக்கு ஆண்டு இந்த வெப்பமும் காற்றின் ஈரமும் ஃபோமின் மூலக்கூறுகளை அறுக்கின்றன. இறுதியில் அது மஞ்சள் பொடியாகிறது. பசை அட்டையைப் பிடித்திருக்கிறது, துணி முழுசாக இருக்கிறது, இடையிலிருந்தது உதிர்ந்துவிட்டது. பொடியின்மேல் எந்தப் பசையும் நிற்காது. குண்டூசி குத்தியும் ஊசியால் பசை செலுத்தியும் பார்ப்பவர்கள் சில வாரங்களில் தோற்பது இதனால்தான்.

சரியான வழி முழுவதையும் கழற்றுவது. வெயில் மறைப்பான்கள், கைப்பிடிகள், உள்விளக்கு, தூண்களின் மூடிகள், கதவோர ரப்பர் என ஒவ்வொன்றாக எடுத்து, இருக்கையைச் சாய்த்து, அட்டையை மடங்காமல் கதவு வழியே வெளியே கொணர வேண்டும். ஒருமுறை மடிந்தால் அந்த வடு புதுத் துணியிலும் தெரியும். பழைய துணியை உரித்து, ஃபோம் பொடியை மென்மையான பிரஷால் கடைசித் துகள் வரை தேய்த்து எடுப்பதில்தான் பாதி நாள் போகும். வேலையின் ஆயுள் அந்தப் பாதி நாளில் இருக்கிறது. பிறகு வெப்பம் தாங்கும் பசையை அட்டையிலும் துணியிலும் பூசி, கையில் ஒட்டியும் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பாதி பாதியாகத் தடவி ஒட்ட வேண்டும். பள்ளங்களில் துணியை இழுக்காமல் விரலால் அமர்த்த வேண்டும். இழுத்தால் பிறகு மேலெழும். விளக்குக்கும் திருகுகளுக்குமான துளைகளைக் காய்ந்த பின்னரே வெட்ட வேண்டும். ஆலை விடைகொடுத்த குஷன்காரரின் கை இங்கே மீண்டும் தேவைப்படுகிறது.

இதை அழகுக்கான செலவு என்று தள்ளிப்போடுவது வழக்கம். ஃபோமுக்குள் அடைபட்ட காற்றுதான் தகட்டின் கொதிப்புக்கும் மண்டைக்கும் இடையிலுள்ள தடுப்பு. துணியைக் கிழித்தெறிந்துவிட்டு ஓட்டுபவர் நாள் முழுக்க அடுப்பின் கீழ் அமர்ந்திருக்கிறார். அரசும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கைப்படி, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். சேஸிஸாக விற்றாலும் அதற்கான தொகுதியைத் தயாரிப்பாளர் தர வேண்டும். சேஸிஸ் ஓட்டிவந்த மனிதரின் வெயிலை நினைத்தால் இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் 3.5 டன் என்ற கோட்டுக்குக் கீழேதான் குட்டியானையும், பெரும்பாலான பிக்கப்புகளும், அவற்றில் முட்டையும் பலாவும் ஏற்றி ஓடும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். சட்டம் இன்னும் அவர்களின் தலைக்கு மேலே பார்க்கவில்லை. அந்த வெயிலுக்கும் அவர்களுக்கும் நடுவே இப்போதைக்கு இருப்பவை சில மில்லிமீட்டர் ஃபோமும், அதைப் பொடி தட்டி மறுபடி ஒட்டத் தெரிந்த ஒரு குஷன்காரரின் கையும்தான்.