பட்டினி போட்ட பாத்தி



பசளை போட்டால் பயிர் விளையும் என்பதை எங்கள் கமக்காரருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் பசளை, எவ்வளவு என்ற கேள்விக்கு ஆண்டுக்கணக்காக விடை சொல்லி வந்தது ஒரு கோதுமை வயல்.

இலண்டனுக்கு வடக்கே றொதம்ஸ்ரெட் பண்ணையில் உள்ள அவ்வயலின் பெயர் புரோட்போக். உரிமையாளர் ஜோன் பெனற் லோஸ், சுப்பர்பொசுபேற்றுக்கு 1842 இல் காப்புரிமை பெற்ற பசளை வியாபாரி. அடுத்த ஆண்டு இரசாயன அறிஞர் ஜோசப் ஹென்றி கில்பேட்டைத் துணைக்கழைத்து, வயலை நீண்ட பாத்திகளாக்கிக் கோதுமை விதைத்தார். ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 தொன் தொழுவெரு. சிலவற்றுக்குச் செயற்கைப் பசளைகள். ஒன்றுக்கு எதுவுமே இல்லை.

அந்நாளில் ஜேர்மனியின் லீபிக் சொன்னதே வேதவாக்கு. நைதரசனைக் காற்றும் மழையும் கொடுத்துவிடும், மண்ணுக்குக் கனியுப்புக்கள் போதும் என்றார் அவர். வயல் அதற்கு ஒப்பவில்லை. கனியுப்பு மட்டும் பெற்ற பாத்தி, ஒன்றும் பெறாத பாத்தியை விடச் சற்றே கூடுதலாக விளைந்தது. அவற்றோடு அமோனிய உப்பும் பெற்ற பாத்தியோ தொழுவெருப் பாத்திக்கு நிகராக நின்றது.

வியாபாரியின் வயல் வியாபாரிக்கே சாட்சி சொல்லும் என்று நினைப்பீர்கள். நைதரசனை ஏற்ற ஏற்ற, ஒவ்வொரு மேலதிக இறாத்தலுக்கும் கிடைத்த தானியம் குறைந்து சென்றதையும் அதே வயல்தான் காட்டியது. 1849 இல் பதித்த வடிகாற் குழாய்களில் நைத்திரேற்று கரைந்தோடியதும் அங்கேதான் தெரிந்தது. நெடிய தாள் கொண்ட பழைய இரகங்கள் கூடிய பசளையைத் தாங்காது சாய்ந்துவிடும். 1968 இல் குட்டை இரகங்கள் வந்த பிறகே விளைச்சல் வெகுவாக உயர்ந்தது.

என் மனம் நிற்பதோ அந்த வெறும் பாத்தியில். நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது மலடாகவில்லை. ஹெக்டேயருக்கு ஏறத்தாழ ஒரு தொன் தருகிறது. மண்ணால் தனித்து முடிந்தது அவ்வளவே.

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இப்பாத்தியே நினைவில் வந்தது. எருவும் விளைச்சல் தருமே என்றார்கள். மெய்தான். ஆனால் ஏக்கருக்கு 14 தொன் எருவை ஒரே போகத்துக்குள் எந்தப் பட்டியிலிருந்து அள்ளுவது? நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு அறுவடை சரிந்தது. அரிசி கப்பலில் வந்தது.