எவர் தயவிலும் நில்லாத மன்றம்: சென்னை உயர் நீதிமன்றம் நடந்து வந்த வழி

விக்டோரியா மகாராணியார் 1862 ஜூன் 26 அன்று வழங்கிய சாசனத்தின்படி, அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று நம் உயர் நீதிமன்றம் பணியைத் தொடங்கியது. 1801 முதல் இயங்கிய பழைய உச்ச நீதிமன்றமும் கம்பெனியார் காலத்துச் சதர் அதாலத்தும் இதனுள் அடங்கின. சர் காலி ஸ்காட்லாண்ட் முதல் தலைமை நீதிபதி. ஆனால் சாசனத்துக்கு ஆதாரமான 1861 ஆம் ஆண்டுச் சட்டம், அரசியாரின் விருப்பம் உள்ளவரைதான் நீதிபதிகள் பதவி வகிக்கலாம் என்றது. இறக்கிவிடத்தக்க நாற்காலியில் அமர்ந்துகொண்டே நம் முன்னோர் அஞ்சாமையைப் பழகினார்கள்.

அவர்களில் தலையாயவர் தி. முத்துசாமி ஐயர். தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் 1832 இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளராக இருந்தவர். அவர் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, தம் வீட்டு வளாகத்துக்குள் நுழைந்த இந்தியர் ஒருவரை ஆங்கிலேய உயர் நீதிமன்ற நீதிபதி அடித்துவிட்டதாக வழக்கு வந்தது. நீதிபதி நேரில் வர வேண்டாம் என்று விட்டுவிடும்படி மேலிருந்து யோசனை வந்தது. ஐயர் இணங்கவில்லை. சம்மன் அனுப்பி வரவழைத்து, விசாரித்து, மூன்று ரூபாய் அபராதம் விதித்தார் என்பது நம் வக்கீல்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. தொகை சிறிதுதான், கட்டியவர் யார் என்பதல்லவா பெரிது!

அந்த முத்துசாமி ஐயரே இம்மன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். நியமனத்தை ஆங்கிலேயரின் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று எண்பது பிரதிகள் அச்சிட்டார்கள். ‘தி இந்து’ அப்படித்தான் பிறந்தது. 1893 இல் ஐயர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். அவருடைய பளிங்குச் சிலை இன்றும் நம் கட்டடத்துள் வீற்றிருக்கிறது.

ஹென்றி இர்வின் கைவண்ணத்தில் எழுந்த செந்நிறக் கட்டடம் 1892 ஜூலை 12 அன்று திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த கோபுரம் பல்லாண்டுகள் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வீசிய குண்டு விழுந்த இடத்தைச் சுற்றுச்சுவரில் ஒரு கல் குறிக்கிறது. இங்கு நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதியதற்காக ஆட்சியாளர் சீறியபோது, அரசு தந்த பட்டங்களையே துறந்தார்.

1948 இல் பி.வி. ராஜமன்னார் இந்தியரான முதல் நிரந்தரத் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்றார். இரண்டே ஆண்டில் அரசியலமைப்பு வந்தது. நீதிபதியை நீக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். அவர் ஊதியம் அவையின் வாக்கெடுப்புக்கு வராது. பணி சார்ந்த அவர் நடத்தையைச் சட்டமன்றம் விவாதிக்கக்கூடாது. அரசியின் விருப்பம் என்ற பழைய கயிறு முற்றாக அறுந்தது. இந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் நம் வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இருந்தது நமக்குப் பெருமை.

புதிய காப்புகளுக்குச் சோதனை உடனே வந்தது. மக்கள் கல்விக் கழகம் என்ற அமைப்பைச் சென்னை அரசு 1950 மார்ச்சில் சட்டவிரோதமென அறிவித்தது. அதன் செயலாளரும் நம் பாரைச் சேர்ந்தவருமான வி.ஜி. ராவ் வழக்குத் தொடுத்தார். கழகத்தின் அரசியல் பலருக்கு உவப்பானதல்ல. ராஜமன்னார் தலைமையிலான முழு அமர்வு அதைப் பார்க்கவில்லை. உரிமையைப் பார்த்தது, இத்தகைய தடைக்கு இடமளித்து அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தைச் செல்லாதென்றது. 1952 இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அத்தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியும் நம் மன்றத்து நீதிபதியாக இருந்தவர்தாம்.

1973 இல் ஏ. வரதராஜன் இங்கு நீதிபதியானார். 1980 இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பட்டியலின நீதிபதி என்ற வரலாறும் அவருடையதாயிற்று. நெருக்கடிநிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் பட்ட கொடுமைகளை விசாரித்தவர் மு.மு. இஸ்மாயில், நம் கம்பராமாயண அறிஞர். தலைமை நீதிபதியாக இருந்த அவரை 1981 இல் கேரளத்துக்கு மாற்ற உத்தரவு வந்தது. அவர் போகவில்லை; பதவியைத் துறந்தார். வாதாடி வென்ற வழக்குகளை எண்ணும் நாம் இந்த ராஜினாமாவையும் அவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

நீதிபதி நியமனத்திலும் மாற்றத்திலும் யார் சொல் முன்னிற்கும் என்ற கேள்விக்கு 1993 இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு விடை சொன்னது. நீதித்துறையின் கருத்துக்கே முதன்மை என்ற பெரும்பான்மையோடு இசைந்து தனித்தீர்ப்பு எழுதினார் நம் எஸ். ரத்தினவேல் பாண்டியன். இதற்கிடையே 1986 இல் பத்மினி ஜேசுதுரை முதல் பெண் நீதிபதியாகவும், 1992 இல் காந்தகுமாரி பட்நாகர் முதல் பெண் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்தனர்.

2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்பட்டது. ஆட்சியரின் உத்தரவை எதிர்த்து ஒரு ரிட் மனுப் போட நாகர்கோவில்காரர் கட்டுப் பையோடு இரவு ரயிலேறி எழும்பூரில் வந்திறங்க வேண்டிய நிலை அன்றோடு மாறியது.