பனிக்கும் வெயிலுக்கும் பழவேற்காட்டுக் கைலி

மார்கழி, தை மாசத்துல பூநாரை பார்க்கப் பழவேற்காடு கிளம்புறவங்க கேட்கிற கேள்வி: "ஸ்வெட்டர் எடுத்துக்கணுமா டாக்டர்?" அந்த ஊர்ப் பேர்லயே ஒரு பதில் இருக்கு. கொஞ்சம் வரலாறோட சொல்றேன்.

பொன்னேரியில இருந்து விடியக்காலைல போனா, திருப்பாலைவனம் தாண்டும்போதே வயல் மேல பனிமூட்டம் நிக்கும். (பேரைப் பார்த்து மணலைத் தேடாதீங்க. அது பாலை மரங்களோட வனம்.) ராத்திரி வானம் தெளிவா இருந்து காத்தும் அடங்கினா, தரை சீக்கிரம் குளிரும். அதை ஒட்டின ஈரக்காத்து மூட்டமா மாறும். எட்டு, ஒன்பது மணிக்குக் கலைஞ்சிடும். பதினோரு மணிக்கு மண்டை காயும். மழைக்காலம் முழுசா முடியலைன்னா நடுவுல ஒரு தூறல் வேற.

இந்த மூணுக்கும் ஈடு கொடுக்கிறது கட்டம் போட்ட பருத்திக் கைலி. கடையில 'பளையகாட் லுங்கி'ன்னு பார்த்திருப்பீங்க, கடைக்கு ஒரு விதமா எழுதுவாங்க. அந்தப் பேர் பழவேற்காட்டுல இருந்து வந்ததுதான். மலாய்க்காரங்க இன்னிக்கும் 'காயின் பெலெகாட்'ன்னுதான் சொல்றாங்க.

இந்தப் பேர் கடல் தாண்டினதுல டச்சுக்காரங்களுக்கும் பங்கு உண்டு. 1613-ல இங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாறுற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களுக்கு இதுதான் தலைமையிடம். அவங்க தேடினது கிராம்பும் ஜாதிக்காயும். அது விளையுற தீவுகள்ல வெள்ளிக்காசை விட நம்ம துணிக்குத்தான் கிராக்கி. அதனால நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிக் கப்பல் ஏத்தினாங்க. இந்தத் துறைமுகத்துல இருந்து மனுஷங்களையும் அடிமைகளா ஏத்தினாங்க. அதைத் தனியாத்தான் எழுதணும்.

நூலுக்கே சாயம் ஏத்தி நெய்யுறதால கைலிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம்னு கிடையாது. குளிருக்குப் போர்த்தலாம், வெயிலுக்குத் தலையில கட்டலாம், சேத்துல இறங்கினா மடிச்சுக் கட்டலாம்.

நனைஞ்சாத்தான் வம்பு. தண்ணி, காத்தை விடச் சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டைக் கடத்தும். ஈரத்துணியோட படகுல எதிர்காத்து வாங்கினா 20, 21 டிகிரியிலயே பல் தந்தியடிக்கும். குழந்தைகளும் வயசானவங்களும் சீக்கிரம் துவண்டுடுவாங்க.

நீங்க ஒரு நாள் நனைவீங்க. இடுப்பளவு தண்ணியில கையால இறால் தடவிப் பிடிக்கிறவங்களுக்கு அது தினப்பொழப்பு. மணிக்கணக்கா ஈரத்துணி ஒட்டியிருந்தா தொடையிடுக்குல படர்தாமரை வரும். மருந்துக்கடையில ஏதோ ஒரு க்ரீம் கொடுப்பாங்க. அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள்ள பரவிட்டே இருக்கும். அப்புறம் மாசக்கணக்குல வைத்தியம். அதைத் தயவுசெஞ்சு தொடாதீங்க.

ஸ்வெட்டர் வண்டியில போய்ச் சேர்ற வரைக்கும் போதும். படகுக்கு மெல்லிசான முழுக்கைப் பருத்திச் சட்டை, மேல காத்து புகாத ஜாக்கெட். பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, காஞ்ச கைலி ஒண்ணு பைக்குள்ள இருக்கட்டும். கரை ஏறினதும் முதல் வேலையா மாத்திடுங்க, டீ எல்லாம் அப்புறம்.