ஆஸ்திரியத் தோட்டாவும் தென்னார்க்காட்டு வேட்டையும்

ஒரு தேசத்து வேட்டைக்காரர்கள் எந்தத் தோட்டாவைக் கையாள வேண்டும் என்பதை அத்தேசத்து மிருகங்களின் பருமனும், தோலின் தடிப்பும், காட்டின் அடர்த்தியுமே நிர்ணயிக்கும் என்று சாமானியமாக எவரும் எண்ணுவர். ஆயினும், நம் நாட்டுத் துப்பாக்கிகளின் சரித்திரத்தை நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, அந்த நிர்ணயத்தில் புலிக்கும் பன்றிக்கும் இருந்த பங்கைவிடச் சர்க்காரின் அச்சத்துக்கு இருந்த பங்கு மிகப் பெரிது என்பது விளங்கும். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கொண்டிருக்கும் விருத்தாசலத்தைப் போன்றதொரு சமவெளி ஊரிலிருந்து, அதுவும் பீங்கான் சூளைகளுக்குப் பெயர்போன ஊரிலிருந்து, இந்த விஷயத்தை எழுதப் புகுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் வேட்டையாடிய துரைமார்கள் தங்கள் தோட்டாக்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்; பன்றிக்குப் பயந்து இரவெல்லாம் பரண்மீது விழித்திருந்த தென்னார்க்காட்டுக் குடியானவன் எதையும் எழுதவில்லை. துப்பாக்கிச் சட்டம் அதிகமாகத் தொட்டது அவனைத்தான்.

இந்தப் பிராந்தியத்து வேட்டை எளிய வேட்டை. செம்மண் மேட்டு முந்திரித் தோப்புகளிலும் கரம்புகளிலும் முயல், கௌதாரி, காடை. மணிலாக் கொல்லைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் காட்டுப்பன்றி. கரடி வேண்டுமானால் மேற்கே கல்வராயன் மலைவரை போக வேண்டும். பொங்கலை ஒட்டிய கரிநாளில் கம்பும் வலையும் வேட்டைநாய்களுமாகக் கூட்டமாய்ப் புறப்பட்டு முயல் விரட்டும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தது. துப்பாக்கி என்று ஒன்று இருந்தால் அது நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் தேங்காய் நாரையோ கந்தல் துணியையோ திணித்து, கம்பியால் இடித்து, ஈய ரவைகளைப் போட்டு, அவை உருண்டு விழாதபடி மறுபடியும் அடைத்து, கடைசியில் காம்பின்மேல் கேப்பைப் பொருத்திவிட்டு மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். குறி தவறினால் இத்தனை சடங்கையும் முதலிலிருந்து செய்து முடிப்பதற்குள் பன்றி அடுத்த கிராமத்து எல்லையைத் தாண்டியிருக்கும். தூறல் விழுந்து மருந்து நமுத்துப்போனால் அன்றைய வேட்டையே இல்லை. நரிக்குறவர்கள் இந்தத் துப்பாக்கியைக் கொண்டே காடையும் கௌதாரியும் அடித்துச் சந்தைகளில் விற்று ஜீவனம் நடத்தினார்கள் என்றால், அது துப்பாக்கியின் பெருமையன்று, அவர்கள் கண்ணின் பெருமை.

இந்த எளிய கருவிக்கும் லைசென்ஸ் வேண்டும் என்றது 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். சிப்பாய்களின் கிளர்ச்சி அடங்கி இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதன் நினைவு அகலாத ஆட்சியில், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது பிறந்த சட்டம் அது. அதன் விதிகளின்படி ஐரோப்பியருக்கும், ஆங்கிலோ இந்தியருக்கும், பட்டம் பதவி பெற்ற சில பெரிய மனிதர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் கலெக்டரின் கருணையை நாட வேண்டும். 1887-இல் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபையிலேயே இச்சட்டத்தைத் திருத்தக் கோரும் தீர்மானம் காரசாரமான விவாதத்துக்கு உள்ளாயிற்று; நிறபேதத்தின்மேல் நின்ற அந்த விலக்கு ஒழிவதற்கு முதல் உலக யுத்தம் முடிய வேண்டியிருந்தது. தீராத வழக்குகளுக்கெல்லாம் மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது எழுதிக் கட்டும் நம்மவர்கள், துப்பாக்கிக்கு மட்டும் கடலூருக்கு நடையாய் நடந்தார்கள். கொளஞ்சியப்பராகிய முருகன் சீக்கிரமாக விசாரிப்பான் என்பது இந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. கலெக்டர் கச்சேரியைப் பற்றி அப்படி ஒரு நம்பிக்கை எந்நாளும் இருந்ததில்லை.

சட்டம் அத்துடன் நிற்கவில்லை. துப்பாக்கி எவரிடம் இருக்கலாம் என்று கேட்டு முடித்தபின், அதன் துவாரம் எத்தனை அங்குலம் என்றும் கேட்கத் தொடங்கிற்று. மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய ராணுவத் துப்பாக்கியின் குண்டு 0.450 அங்குல விட்டமுடையது. அதே விட்டத்தில்தான் ஆங்கிலேய வேட்டைப் பிரபுக்களின் யானைத் துப்பாக்கிகளும் பெரும்பாலும் அமைந்திருந்தன. வேட்டைக்கென்று வரவழைக்கப்படும் ரவைகள் எல்லைப்புறத்துக் கலகக்காரர்களின் மார்ட்டினிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பயந்த சர்க்கார், 1907-ஆம் ஆண்டு வாக்கில் அந்த விட்டத்தையே இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது. லண்டன் துப்பாக்கி வியாபாரிகள் சளைத்தவர்களா? 0.465, 0.470, 0.475, 0.476 என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டியும் குறைத்தும், தடைக்கு அகப்படாத புதிய தோட்டாக்களை வரிசையாகப் படைத்தார்கள். இன்று உலகமெங்கும் யானைத் தோட்டாக்களில் சிரேஷ்டமானவை என்று கொண்டாடப்படும் இவற்றின் பிறப்புக்கு இந்திய சர்க்காரின் உத்தரவு ஒன்று காரணமாயிற்று என்பதை வேட்டைப் பிரியர்களில் பலரும் மறந்துவிட்டார்கள்.

அதே நியாயம் 1888 முதல் பிரிட்டிஷ் சேனையின் தோட்டாவாக விளங்கிய 0.303-க்கும் பொருந்திற்று, அது பிரஜைகளின் கைக்கு எட்டாதது. ஆகவே நடுத்தர மிருகங்களுக்கு, அதாவது மானுக்கும் பன்றிக்கும் சிறுத்தைக்கும், ஆங்கிலேயச் சேனை உபயோகிக்காத வேறு ஏதேனும் ஒரு தோட்டா தேவைப்பட்டது. ஐரோப்பாக் கண்டத்தின் தோட்டாக்கள் இந்த வாசல் வழியாகத்தான் இந்தியாவுக்குள் பிரவேசித்தன. ஜெர்மனியில் பால் மௌசர் 1892-இல் சமைத்து, அடுத்த ஆண்டே ஸ்பெயின் தேசத்துச் சேனை ஏற்றுக்கொண்ட 7 மில்லிமீட்டர் தோட்டா அவற்றுள் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் போயர்கள் இதைக் கொண்டே ஆங்கிலேயரைத் திணறடித்தார்கள். யுத்தம் ஓய்ந்ததும் லண்டன் ரிக்பி கம்பெனியார் அதற்கு 0.275 என்று ஆங்கில எண் சூட்டித் தங்கள் சொந்தச் சரக்கைப் போலவே விற்றார்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணத்து லெப்டினண்ட் கவர்னர் ஸர் ஜான் ஹ்யூவெட் பரிசாக அளித்தது இந்த ரிக்பி துப்பாக்கிதான். நம் பக்கத்துக்கு அதிகம் பழக்கமான கென்னத் ஆண்டர்சன், சேலம் ஜில்லாக் காடுகளில் ஓர் அமெரிக்கத் துப்பாக்கியோடு திரிந்தவராதலால், அவரை இந்தக் கதையில் சேர்க்க வழியில்லை.

ஆனால் மௌசரும் ரிக்பியும் செல்வர்களின் ஆயுதங்கள். சென்னை மௌண்ட் ரோட்டில் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்ற பி. ஆர் அண்டு ஸன்ஸ் போன்ற கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்களே அதிகம். சாதாரண மிராசுதாரர் வரையில் வந்து சேர்ந்தது இன்னொரு தோட்டா. அதைப் பற்றித்தான் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

பெர்டினாண்ட் மான்லிஹர் (1848-1904) என்னும் ஆஸ்திரியச் சிற்பியின் துப்பாக்கிக்காக 1888-இல் கரிமருந்தோடு தோன்றி, 1890-இல் புகையிலா மருந்துக்கு மாற்றப்பட்ட 8 மில்லிமீட்டர் தோட்டா அது. பித்தளைக் கூட்டின் நீளம் 50 மில்லிமீட்டர். அடியில் வெளியே பிதுங்கிய விளிம்பு. மேலே மழுங்கிய மூக்குடைய குண்டு. அந்தக் குண்டின் எடை 244 கிரெயின், அதாவது சற்றேறக்குறைய 15.8 கிராம், நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் இரண்டு பவுன் எடையுள்ள உலோகம் வினாடிக்குச் சுமார் 620 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. இக்காலத் தோட்டாக்களின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மந்தமே. ஆனால் நூறு கஜத்துக்குள் கரும்புச் சோகையை விலக்கிக்கொண்டு எதிர்ப்படும் பன்றிக்கு வேகத்தைவிடக் கனமே முக்கியம் என்பதும், மழுங்கிய மூக்குடைய கனத்த குண்டு ஆழமாகப் பாயும் என்பதும் அனுபவஸ்தர்களின் அபிப்பிராயம்.

இதை இந்தியாவுக்கு ஏற்றதாக்கிய விசேஷம் அந்த விளிம்பில் இருக்கிறது. ஆங்கிலேயரின் லீ-என்பீல்டு துப்பாக்கி, விளிம்புள்ள 0.303 தோட்டாவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. கூட்டைப் பற்றி வெளியே இழுக்கும் கொக்கி முதல் தோட்டாப் பெட்டி வரையில் எல்லாம் விளிம்பை நம்பியே இயங்குபவை. விளிம்பில்லாத மௌசர் தோட்டாவை அதில் புகுத்துவது பெரும்பாடு; விளிம்புள்ள மான்லிஹர் தோட்டாவையோ அதிகச் சிரமமின்றி இணக்கிவிடலாம். பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ. கம்பெனியார் இதைக் கண்டுகொண்டு, சேனைத் துப்பாக்கியின் அதே இயந்திர அமைப்பில் ஆஸ்திரியத் தோட்டாவுக்குரிய குழலைப் பொருத்தி, 8 மில்லிமீட்டரை அங்குலத்தில் கணக்கிட்டு, 0.315 என்ற எண்ணோடு இந்தியச் சந்தைக்கு அனுப்பினார்கள். முதல் உலக யுத்தத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிச் சேனை நேசநாட்டாரை எதிர்த்துச் சுட்டது இந்தத் தோட்டாவைக் கொண்டுதான் என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் விநோதம் புலப்படும். சொந்தப் பட்டாளத்தின் கிடங்கிலிருந்து திருடு போகக்கூடிய தோட்டாவைவிட, பகைவனின் தோட்டா பிரஜைகளின் கையில் இருப்பது ஷேமமானது என்று ஒரு சாம்ராஜ்யம் முடிவு செய்தது. இதில் வீரம் இல்லை. கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு சரியான கணக்குமாகும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஏற்பாடு மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யம் 1918-இலேயே சிதறிப்போய்விட்டது, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் 1947-இல் மூட்டை கட்டிக்கொண்டது; எனினும் அவ்விரண்டுக்கும் பிறந்த இந்தக் கலப்புக் குழந்தையை வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை ஸ்வீகரித்துக்கொண்டு, ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் 0.315 விளையாட்டுத் துப்பாக்கி என்ற பெயரில் லைசென்ஸ்தாரர்களுக்குச் செய்து விற்றது. 1959-ஆம் ஆண்டின் புதிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தபோதும் 0.303 தடைப் பட்டியலிலேயே நின்றது. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, உள்ளே மரையில்லாத துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கி: இவ்விரண்டுக்குமே லைசென்ஸ் தந்தாக வேண்டும் என்று அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. புகையிலா மருந்து பிறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், விவசாயிக்கு அவன் பாட்டனின் நாட்டுத் துப்பாக்கியே போதும் என்பது குடியரசின் தீர்ப்பாயிற்று.

அதன் பிறகு வேட்டை என்ற காரியமே சட்டத்துக்கு வெளியே போயிற்று. நீலகிரியில் 1879-இலேயே மிருகங்களுக்கும் மீன்களுக்கும் காப்புச் சட்டம் செய்தவர்கள்கூட, அடுத்த பருவத்தில் சுடுவதற்கு மிருகம் மிஞ்ச வேண்டுமே என்ற கவலையால்தான் அதைச் செய்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ மிருகத்தை மிருகத்துக்காகவே காக்க எழுந்தது. தொடக்கத்தில் சில இனங்களுக்கு வேட்டை லைசென்ஸ் வழங்க அதில் இடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வாசலையும் அடைத்துவிட்டது. அது சரியான காரியம் என்பதே என் கருத்து. புலியும் வெளிமானும் அருகிப்போனதற்கு மௌசரும் மான்லிஹரும் பொறுப்பாளிகள். தோட்டாவின் தேர்ச்சியை வியப்பவர்கள் அதன் வேலையையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் காட்டுப்பன்றிக்குச் சட்டம் தெரியாது. மணிலாச் செடியை ஓரிரவில் உழுது புரட்டிவிட்டுப் போகும் பன்றியைப் பற்றிய முறையீடுகள் இன்றும் ஓயவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையில் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்து மீண்டும் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். பயிர்க்காரனின் வேலை, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது.